இருபது பேரோடு நிறுத்திக்கொள்ளும் கம்ப்யூட்டர்

அன்புள்ள கௌதம் கண்ணுக்கு அம்மா எழுதுவது.

நானும் அப்பாவும் ஏதோ எழுந்து நடமாடிக்கொண்டு இருக்கிறோம், அந்தக் குளிரில் உன் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருந்தால் அதுவே எங்களுக்குப் போதும். போனில் பேசினால் அப்பா காதில் விழும், அதனால் எழுதுகிறேன், பக்கத்து வீட்டு லாவண்யா படம் பிடித்து அனுப்புவாள்.

நீ ஜெர்மனி போகுமுன் அப்பா கம்பெனி ஸ்டோர்ஸில் எல்லா மேஜையிலிருந்தும் அதற்குள் நுழைந்து பில் போடும்படி ஒரு சாதாரணக் கம்ப்யூட்டரைச் சர்வராக்கிக் கொடுத்தாயே, அப்போது ஏழெட்டுப் பேர்தான், நன்றாக ஓடியது. இப்போது புது ஷெட் போட்டு ஆள் பெருகிவிட்டது. ஒரே நேரத்தில் இருபது பேர் நுழைந்துவிட்டால் அது அடுத்தவரை உள்ளே விடுவதில்லை, பில் போட முடியாமல் லாரி நிற்கிறது. அப்பா மேஜை மேஜையாகப் போய், கொஞ்ச நேரம் மூடுங்க சாமி, பில்லு போட்டுட்டுத் தர்றேன் என்று தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் கெஞ்சுகிறார். இதில் வேலை நேரத்திலேயே அப்டேட் என்று அது தானாக அணைந்து எழுந்திருக்கிறது. ஆயுத பூஜையன்று பிரஸ் மெஷினுக்கு வைக்கும் முன்பே அதற்குத்தான் அப்பா பொட்டு வைத்தார், நம்ம பையன் வெச்சது என்று.

முதலாளி கோவிந்தப்பன், பாகலூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் திம்மப்பனை வரவழைத்துக் காட்டியிருக்கிறார். பெட்டியில குறை இல்லீங்க, உள்ள இருக்கறது ஒருத்தர் முன்னாடி உக்காந்து வேலை பாக்கற சிஸ்டம், சர்வருக்குன்னு வேற இருக்கு, அதுதான் அத்தனை பேருக்கும் பதில் சொல்லும், அப்டேட்டும் நாம வெச்ச நேரத்துலதான் போடும் என்றாராம். உங்க பையன் இதைச் சொல்லலையா என்று முதலாளி கேட்க, அப்பா, அவன் அப்பவே மாத்தச் சொன்னானுங்க, நான்தான் மறந்துட்டேன் என்றுவிட்டார். எத்தனை பேர் வந்தாலும் தாங்கும் என்று நீ சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது கண்ணு. ஒன்றாம் தேதியிலிருந்து அப்பாவுக்கு ஸ்டோர்ஸ் கிடையாது, கேட்டில் நின்று லாரிக்குக் கதவு திறக்கும் வேலை. ஏன் இப்படிச் சொன்னீங்க என்றால், அவன் இந்த வேலைய வெச்சுத்தான் அங்க பொழைக்கறான், அவன் பேரு கெடக்கூடாது என்கிறார். உன்மேல் எனக்குக் கோபமில்லை, ஆனால் அவர் கேட்டில் நிற்பதை என்னால் பார்க்க முடியாது.

சந்திரசூடேஸ்வரர் உன்னைக் காக்கட்டும், வேளைக்குச் சாப்பிடு. மாதம் பிறப்பதற்குள் முதலாளிக்குப் போன் போட்டு உள்ளதைச் சொல்லிவிடு. அப்பாவிடம் கேட்காதே, கேட்டால் உன்னிடமும் நீ அப்போதே மாற்றச் சொன்னாய் என்றே சாதிப்பார்.

இப்படிக்கு,
உன் அம்மா
வீரலட்சுமி