மாமியாரை இறக்கிய மாதம்

மார்ச் 4

சமையலறைக் குழாய்க்கு வாஷர் மாற்றினேன். இன்னும் சொட்டுகிறது. "கப்பல் பீரங்கியையே கட்டி மேய்ச்ச மனுஷன், ஒரு குழாயை அடக்க முடியல" என்றாள் மனைவி. பதில் சொல்ல வாயெடுத்தபோது போன் அடித்தது.

கப்பல் பழுதுபார்க்கும் தளத்திலிருந்து ஒரு பெண் பொறியாளர். பழைய போர்க்கப்பல் ஒன்று வந்திருக்கிறதாம். அதன் பின்தளத்தில் உள்ள தானியங்கிப் பீரங்கியைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் சின்ன ஏவுகணைப் பெட்டி ஒன்றை வைக்கப் போகிறார்கள். கழற்றும் முறை சொல்லும் கையேட்டில் பாதிப் பக்கங்களைக் காணோம். "அதுல வேலை பார்த்தவங்கள்ல இந்த ஊர்ல இருக்கறது நீங்க ஒருத்தர்தான் சார். ரெண்டு வாரம் வந்து பக்கத்துல நின்னா போதும்."

எந்தக் கப்பல் என்று கேட்டேன். எண்ணைச் சொன்னாள்.

நான் வேலை பார்த்த அதே கப்பல்.

மார்ச் 5

போகக்கூடாது. இருபத்தெட்டு வருடமாகப் போகாத இடத்துக்கு இப்போது எதற்கு?

மார்ச் 6

போனேன்.

மார்ச் 7

நேற்று அதற்கு மேல் எழுத முடியவில்லை. இன்று எழுதுகிறேன்.

கப்பல் சிறுத்துப்போன மாதிரி இருந்தது. தண்ணீர் வடிந்த தொட்டிக்குள் முட்டுக்கட்டைகள் மேல் நிற்கிறது, அடிவயிறு தெரிய. ஆனால் பின்தளத்து ஏணியில் ஏறித் தலையை நீட்டியதும் — அப்படியே இருந்தாள். வெள்ளைத் தலை. கீழே ஆறு குழல்கள் சேர்ந்த நீண்ட மூக்கு. பெயின்ட்தான் பல்லிளித்திருந்தது.

அந்தப் பீரங்கிக்கு மாமியார் என்று பெயர் வைத்தவன் என் கூட்டாளி கோந்து. வாசலில் யார் வந்தாலும் சட்டென்று தலை திரும்பும். மேலும் கீழும் ஒரு பார்வை பார்க்கும். பொருட்படுத்தத் தேவையில்லை என்று பட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். கடல்பறவைகளை அவள் அப்படித்தான் நடத்துவாள். தூங்கவே மாட்டாள். தவறுதலாகக் கூடத் தட்டிக்கொடுக்கக் கூடாது.

வரும் ஏவுகணையை அவளே பார்ப்பாள், அவளே வேகத்தைக் கணக்கிடுவாள், அவளே சுடுவாள். மனிதன் "என்னடா அது?" என்று கேட்டு முடிப்பதற்குள் கப்பல் எரிந்துபோகும் என்பதால் அந்த ஏற்பாடு. எனக்கும் கோந்துக்கும் இரண்டே வேலை. அவளை நல்லபடி வைத்துக்கொள்வது. தேவைப்பட்டால் தடுப்பது. அவன் உள்ளே திரையின் முன்னால். ஒருமுறை உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டான், அதனால் கோந்து. நான் வெளியே, அவள் காலடியில் உள்ள சின்ன அறையில், ஸ்பானரும் கையுமாக. அதனால் நான் ஸ்பானர்.

அந்தச் சின்ன அறை! மின்னணுப் பெட்டிகள் சூடாகக் கூடாது என்று கப்பலிலேயே அங்கு மட்டும்தான் ஏசி சில்லென்று இருக்கும். எல்லோருக்கும் திடீர் திடீரென்று மாமியார் மேல் அக்கறை வந்துவிடும். சமையல்காரர் வெண்ணெய் உருகுகிறது என்று டப்பாவோடு வருவார். அதிகாரிகள் "எல்லாம் சரியா இருக்கா?" என்று விசாரித்துக்கொண்டு அரை மணி நேரம் நிற்பார்கள். ஆறு பேருக்கு இடமில்லாத அறையில் பதினொரு பேர் நின்று டீ குடித்திருக்கிறோம்.

இன்று கதவைத் திறந்தேன். புழுக்கம். கிரீஸ் வாசனை மட்டும் போகவில்லை.

மார்ச் 9

பூட்டு ஆணிகள் நான்கில் மூன்று கழன்றன. நான்காவது துருப்பிடித்து அடம் பிடிக்கிறது. கிரேன்காரர் மேலிருந்து, "என்ன சார், உங்க மாமியாருக்கு வீட்டை விட்டுக் கிளம்ப மனசு வரலையா?" என்று கத்தினார். பெயர் இரண்டே நாளில் தளம் முழுக்கப் பரவிவிட்டது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

வீட்டில் சொன்னேன். மனைவி சிரிக்கவில்லை. "எங்கம்மா காதுல விழாம போய்ச் சேர்ந்தாங்களே, அது வரைக்கும் நல்லது" என்றாள். பிறகு உள்ளே போய்ச் சிரித்தாள். கேட்டது.

மார்ச் 10

பொறியாளர் இன்று கேட்டுவிட்டாள். "சார், லிஸ்ட்ல உங்க பேருக்கு எதிர்ல 'கப்பல் பணியிலிருந்து நீக்கம்'னு போட்டிருக்கே. ஏன்?"

"பழைய கதைம்மா" என்றேன்.

வீடு வரும் வழியெல்லாம் பழைய கதை கூடவே வந்தது. எழுதித் தொலைக்கிறேன்.

அன்று பதற்றமான கடலில் இருந்தோம். எந்தத் திசையிலிருந்தும் ஏவுகணை வரலாம் என்று எச்சரிக்கை. மாமியார் முழுத் தானியங்கியில். கேப்டன் சொல்லாமல் யாரும் அவளைத் தடுக்கக் கூடாது என்று உத்தரவு. மதியம் இரண்டரை மணி. எங்கள் ஹெலிகாப்டர் கரையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தது. ஏழு பேர். அதில் ஒருவர், குடல்வால் ஆபரேஷன் முடித்துத் திரும்பும் சமையல்காரர். மேகத்தைச் சுற்றிக்கொண்டு வந்ததில் வழக்கமான பக்கம் விட்டு வேறு பக்கமாக வந்துவிட்டார்கள்.

மாமியார் திரும்பினாள். அதில் ஒன்றுமில்லை. எல்லாவற்றுக்கும்தான் திரும்புவாள். ஹெலிகாப்டர் மெதுவாக வருவது. இவ்வளவு வேகத்துக்குக் கீழே வருவதை விட்டுவிடு என்று அவளுக்கு ஓர் எல்லை வைத்திருப்போம். முகத்தைத் திருப்பிக்கொள்வாள் என்று காத்திருந்தேன். திருப்பவில்லை. தொடர்ந்தாள். பிறகு அந்தச் சத்தம் — குழல்கள் சுழல ஆரம்பிக்கும் சத்தம். சுடுவதற்கு முன்னால் மட்டும் வருவது. எனக்குத் தெரியாதா அது? என் கை தானாகப் போய்த் தடுப்புச் சாவியைத் திருப்பியது.

ஒன்றரை நிமிடம் அவளைக் கட்டிப்போட்டேன். ஹெலிகாப்டர் இறங்கியது. சமையல்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கி எனக்குக் கையசைத்தார். அவருக்கு ஒன்றும் தெரியாது.

விசாரணையில் அதிகாரி சொன்னார்: "அவ்வளவு மெதுவா வர்றதை அது சுடவே சுடாது. நீ பயந்துட்ட. ஒன்றரை நிமிஷம் இருநூறு பேரை நிராயுதபாணியா நிக்க வெச்ச." பதிவு நாடா காலையிலேயே தீர்ந்திருந்தது. சுடப்போகும்போது திரையில் சிவப்பு விளக்கு எரியும். அதைப் பார்த்திருக்கக்கூடியவன் ஒருவன்தான். கோந்து. என் மேல் படுக்கைக்காரன். என் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழன்.

"விளக்கு எரிஞ்ச மாதிரி தெரியல சார்" என்றான். என்னைப் பார்க்காமல்.

மறுவாரம் நான் கரையில், பம்பு பட்டறையில். ஓய்வு பெறும் வரை அங்கேதான். அவன் படிப்படியாக ஏறினான். இன்றைக்கும் பயிற்சிப் பள்ளியில் இந்தப் பீரங்கிகளைப் பற்றிப் பாடம் எடுக்கிறானாம்.

அவன் பொய் சொன்னான் என்று பத்து வருடம் நினைத்தேன். அதற்கப்புறம்தான் கொடுமை. அவன் சொன்னதுதான் நிஜமோ? நான் கேட்டது என் பயத்தின் சத்தமோ? நிஜமாகவே கேட்டேனா?

மார்ச் 12

நான்காவது ஆணி கழன்றது. கைத்தட்டல். தோள்பட்டை வலி.

மார்ச் 13

நாளை மறுநாள் இறக்குகிறார்கள். "பழைய ஆளுங்க எல்லாருக்கும் தகவல் சொல்லியிருக்கோம் சார். வந்து ஒரு தடவை பார்த்துக்கட்டும்னு" என்றாள் பொறியாளர், எனக்கு ஏதோ நல்லது செய்த முகத்தோடு.

எல்லாருக்குமா?

மார்ச் 15

வந்திருந்தான்.

தலை வழுக்கை. கைத்தடி. ஆனால் நிற்கும் விதம் அதேதான், ஒரு காலில் பாரம் போட்டு. தூரத்தில் நின்றான். நானும் போகவில்லை. கிரேன் இரும்புக் கயிற்றை இழுத்தது. மாமியார் தளத்தை விட்டு ஒரு சாண் எழுந்தாள், கொஞ்சம் ஆடினாள், பிறகு எங்கள் எல்லோர் தலைக்கும் மேலே போனாள். இவ்வளவு சத்தமில்லாமல் அவள் நகர்ந்து நான் பார்த்ததில்லை. கண் கலங்கிவிட்டது. இரும்புக்குப் போய்...

வண்டியில் அவளை இறக்கியபின் எல்லோரும் டீ குடிக்கப் போனார்கள். அவன் பக்கத்தில் வந்தான்.

"ஸ்பானர்."

இருபத்தெட்டு வருடமாக யாரும் கூப்பிடாத பெயர்.

"எதுக்கு வந்த?"

"சொல்றதுக்கு." கைத்தடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். "விளக்கு எரிஞ்சுது."

அவனே தொடர்ந்தான்.

"அன்னிக்குக் காலைல மெதுவா பறக்கற இலக்கை வெச்சு சோதனை பண்ணினோமே. அதுக்காக வேக எல்லையைக் குறைச்சேன். முடிஞ்சதும் பழையபடி ஏத்தணும். மறந்துட்டேன். விளக்கு எரியறதைப் பார்த்தப்பதான் ஞாபகம் வந்துச்சு. கை ஓடல. நீ திருப்பிட்ட. நீ திருப்பலேன்னா ஏழு பேரும் போயிருப்பாங்க, என்னால. விசாரணைக்கு முன்னாடியே போய் எல்லையை ஏத்தி வெச்சுட்டேன்."

"ஏன்டா சொல்லல?"

"அப்பதான் பொண்ணு பொறந்திருந்தா. ஒரு வாரத்துல சொல்லிடலாம்னு நெனச்சேன். ஒரு வருஷத்துல சொல்லிடலாம்னு நெனச்சேன். அப்புறம், இனிமே எப்படிச் சொல்றதுன்னு ஆயிடுச்சு."

அடிக்க வேண்டும் போலிருந்தது. நிஜமாகவே கை ஓங்கினேன். அவன் நகரவில்லை. அந்தக் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு நடந்துவிட்டேன்.

மார்ச் 16

என் காது பொய் சொல்லவில்லை.

காலையிலிருந்து இதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். என் காது பொய் சொல்லவில்லை. என் காது.

மார்ச் 17

மனைவியிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டே துணி மடித்து முடித்தாள். பிறகு, "அந்த பம்பு பட்டறைல இருந்து நீங்க வீட்டுக்கு வர்ற மூஞ்சியை நான்தானே பாத்தேன். அவருக்கா தெரியும்?" என்றாள். இத்தனை வருடத்தில் அவள் அதைப் பற்றிச் சொன்ன முதல் வாக்கியம். நான் மட்டும்தான் சுமந்தேன் என்று நினைத்திருந்தேன். முட்டாள்.

மார்ச் 19

அவனே போன் செய்தான். நடந்ததை எழுதித் தலைமையகத்துக்கு அனுப்பட்டுமா என்று கேட்டான். "நீ வேண்டாம்னா அனுப்பல. அனுப்புன்னா இன்னிக்கே."

பெருந்தன்மையாக "விடுடா" என்று சொல்லியிருக்கலாம். கதைகளில் அப்படித்தான் சொல்வார்கள்.

"அனுப்பு" என்றேன்.

ஏப்ரல் 2

தலைமையகத்திலிருந்து இன்னும் பதில் இல்லை. தெருவில் பந்து விளையாடும் சத்தம். ஹெலிகாப்டரில் வந்த ஏழு பேர் முகங்களையும் வரிசையாக நினைத்துப் பார்த்தேன். ஐந்துதான் தேறியது. சமையல்காரரின் வெண்ணெய் டப்பா நன்றாக ஞாபகமிருக்கிறது, நீல மூடி. கோந்து அதில் விரலை விட்டு மாட்டிக்கொண்டதும், தண்டனையாக அவர் அவனை மூன்று நாள் வெங்காயம் உரிக்க வைத்ததும், அழுத கண்ணோடு அவன் திரையின் முன்னால் வந்து உட்கார்ந்ததும். நான் சிரித்த சிரிப்பில் கப்பலே திரும்பிப் பார்த்தது. ஏன் இவனோடு சேர்ந்தே எல்லாம் ஞாபகம் வருகிறது? அவனைக் கழித்துவிட்டு நினைக்கப் பார்த்தேன். அந்தக் கப்பலில் எனக்கு மிச்சமே இல்லை.

ஏப்ரல் 24

கடிதம் வந்தது. ஒரு பக்கம்கூட இல்லை. என் பணிப் பதிவேட்டில் திருத்தம் செய்யப்பட்டிருக்கிறது. 'நீக்கம்' என்ற வார்த்தை எடுக்கப்பட்டுவிட்டது. 'அன்றைய நடவடிக்கை சரியானது. ஏழு உயிர்கள் காப்பாற்றப்பட்டன.'

மனைவி அதை மகளுக்குப் போனில் படித்துக் காட்டினாள். 'ஏழு உயிர்கள்' என்ற இடத்தை இரண்டு தடவை படித்தாள். நான் மாடிக்குப் போய்விட்டேன், காய்ந்த துணியை எடுக்கிற சாக்கில். எடுக்காமல் இறங்கி வந்தேன்.

மே 3

பயிற்சிப் பள்ளியில் கோந்துவை நிறுத்திவிட்டார்களாம். பொறியாளர்தான் சொன்னாள். மாணவர்கள் முன்னால் நின்று தானே எல்லாவற்றையும் சொன்னானாம், அனுப்பிய கடிதத்தைப் படித்தும் காட்டினானாம். அடுத்த நாளிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

சந்தோஷப்பட வேண்டியவன் நான். முயன்று பார்த்தேன். வரவில்லை.

மே 4

போன் செய்தேன். நான்கு தடவை மணி அடித்தபின் எடுத்தான்.

"என்ன பண்ற?"

"சும்மாதான் இருக்கேன்."

"நீயா? சும்மாவா?"

"நாற்காலியில உட்கார்ந்திருக்கேன். எதிர்ல திரைதான் இல்ல."

"கிளம்பி வா" என்றேன். அந்தப் பக்கம் அவன் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. வெங்காயம் உரிக்கிறாயா என்று கேட்க வந்ததை அடக்கிக்கொண்டேன்.

மே 11

கோந்து வந்து நாலு நாளாகிறது. முதல் நாள் மனைவி தட்டை வைத்த வேகத்தில் அவனுக்குப் புரிந்திருக்கும். தலை குனிந்து சாப்பிட்டான். இரண்டாம் நாள், "அன்னிக்கு நான் பேசாம இருந்தது உங்களுக்கும் சேர்த்துப் பண்ணின தப்பு தங்கச்சி" என்றான். அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். ஆனால் ராத்திரி சாப்பாட்டில் அவன் தட்டுக்கு இரண்டாம் முறை கேட்காமலே பரிமாறினாள்.

இன்று மதியம் மாமியாரின் குண்டுப் பெட்டி இடப் பக்கம் திறக்குமா வலப் பக்கமா என்று எங்களுக்குள் சண்டை. அவன் கத்தினான், நான் கத்தினேன், மேசையில் இருந்த டம்ளரை எல்லாம் பீரங்கியாக வைத்து நிரூபிக்கப் பார்த்தோம். மனைவி வந்து வாசலில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பேசறீங்க. ஒருத்தர் சொல்றதை ஒருத்தர் கேக்கறதே இல்ல. உங்களை நம்பியா இருநூறு பேர் தூங்கினாங்க?"

வலப் பக்கம்தான். எனக்குத் தெரியும். ஆனால் இந்தச் சண்டை சாக்கில் அவன் இன்னும் இரண்டு நாள் இங்கே இருக்கட்டும். பிறகு ஒத்துக்கொள்ள வைக்கலாம்.