சித்தியின் மூக்கு திரும்பி வந்தது

அன்பு மகளுக்கு,

சித்தப்பா எழுதுவது. இங்கே நானும் நலம், சித்தியும் நலம், சித்தியின் மூக்கும் பரம நலம். அந்த மூன்றாவது நலத்துக்காகத்தான் இந்தக் கடிதமே. அங்கே நீயும் உன் ஆராய்ச்சியும் சுகம்தானே? தொண்டைக்கட்டு விட்டதா?

போன மாதக் காய்ச்சலில் சித்திக்கு வாசனை அறவே போய்விட்டதை உன்னிடம் சொல்லக்கூடாது என்று உத்தரவு, அதனால் வாயை மூடிக்கொண்டிருந்தேன். நம் ரொட்டிக்கடையில் கல்லா என் ராஜ்யம், அடுப்பறை அவள் ராஜ்யம். அங்கே கடிகாரம் கிடையாது, அவள் மூக்குதான் கடிகாரம் என்பது உனக்குத் தெரியும். அது நின்றதும் "உலகமே கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கிற மாதிரி இருக்குங்க" என்றாள். திங்கட்கிழமையிலிருந்து அடுப்பறைக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள் என்றும் சொல்லிவிட்டாள். அதுவரை நானே சமாளிக்கிறேன் என்று மார்தட்டினேன். என் மூக்கு என்ன சாதாரண மூக்கா, மழை வந்தால் அதன் கீழே நாலு பேர் ஒதுங்கலாம்!

சனிக்கிழமை நாற்பது ரொட்டியை உள்ளே தள்ளிவிட்டு உன் கடிதத்தைப் பிரித்தேன். அழகை அறிவது கண்ணும் காதும்தான், மூக்கும் நாக்கும் தோலும் வெறும் பசிக்குப் பிறந்தவை என்று உன் பேராசிரியர் சொல்கிறாராம், அதனால் உன் ஆய்வேட்டில் உடம்பைப் பற்றிய ஏழாம் அத்தியாயத்தையே நீ வெட்டிவிடப் போகிறாயாம். எனக்கு வந்ததே கோபம். ரொட்டி எடுக்கும் மரத்துடுப்பை ஓங்கிக்கொண்டு அந்த மனிதரோடு அடுப்பறையில் வாதாடினேன். அவர் கடலுக்கு அப்பால் இருந்தால் என்ன, ஏழு உலகமும் கைதட்டியது. அந்த நேரம் பார்த்து, எனக்குப் பதிலாகக் கல்லாவில் உட்கார்ந்திருந்த சித்தி ஓடி வருகிறாள். "ரொட்டி கருகுது, தெரியலையா? மூக்கை எங்கயாவது அடகு வச்சிட்டீங்களா?" என்று என்னைத் தள்ளிவிட்டு அடுப்பைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். தான் என்ன சொன்னோம் என்பது அப்போதுதான் அவளுக்கே உறைத்தது.

கரிக்கட்டையாகிப்போன ஒரு ரொட்டியைத் துணியில் பிடித்து, கண்ணை மூடி, குதிகால் எழும்ப மூச்சை இழுத்தாள். தோள் இறங்கியது, கழுத்து நிமிர்ந்தது, ஒரு மாதமாகச் சுருங்கிக்கிடந்த முகம் விரிந்தது. "அடேயப்பா, என்ன அழகு!" என்றாள். மகளே, அதைத் தின்ன முடியாது, விற்க முடியாது, பார்க்கவும் சகிக்காது. அப்புறம் எந்தப் பசிக்காக அவள் அழகு என்றாள்? இதை உன் பேராசிரியரிடம் கேள். ஏழாம் அத்தியாயத்தில் ஒரு வரியைக்கூட வெட்டாதே. சாட்சி வேண்டுமென்றால் நான் கடலை நீந்தியே வருகிறேன்.

சோப்பு வாசனை இன்னும் அவளுக்குச் சரியாகப் பிடிபடவில்லை, மெல்ல வரும் என்கிறார் டாக்டர். குளிரில் காதை மூடாமல் வெளியே போகாதே, சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. மூக்கும் முழியுமாக, எல்லாப் புலன்களோடும் நூறு வருஷம் நன்றாக இரு. இன்று திங்கட்கிழமை. உள்ளே சித்தியின் குரல் கூரையைத் தூக்குகிறது, இனி நான் அந்த வாசற்படியை மிதிக்கக்கூடாதாம். இந்த நாட்டில் இன்று என்னைவிடச் சந்தோஷமான அகதி கிடையாது.

இப்படிக்கு,
அடுப்பறையிலிருந்து நாடு கடத்தப்பட்ட
உன் சித்தப்பா