கவிழ்த்து வைத்த இலைகள்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நாங்கள் சௌக்கியம். நீயும் மாப்பிள்ளையும் எங்களைவிடச் சௌக்கியமாக இருக்கவேண்டும். நீ அனுப்பிய சால்வை வந்தது. அப்பாவுக்குத்தான் போர்த்திவிட்டேன். யார் அனுப்பியது என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஓரத்துத் தையலைத் தடவிப் பார்த்து முகத்தைச் சுளித்தார். நம் வீட்டுத் தையல்காரர் தேறிவருகிறார் என்று அதிலேயே தெரிந்துகொள்.

கை எப்படி இருக்கிறது என்று கேட்டிருந்தாய். பக்கவாதம் வந்து எட்டு மாதமாக வலது கையை, யாரோ மடியில் வைத்துவிட்டுப்போன பொருள் மாதிரி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆஸ்பத்திரியில் கொடுத்த ரப்பர் பந்து அலமாரியில் தூசி படிந்து கிடக்கிறது. தையல் மெஷினைத் துணி போட்டு மூடச் சொல்லிவிட்டார். அவரைப் பயிற்சி செய்யவைப்பது கல்லில் நார் உரிக்கிற வேலை.

ஒருநாள் மட்டும் வாய் திறந்து சொன்னார்: "எம் பொண்ணு கல்யாணத்துக்குக் கத்திரியத் தொடமாட்டேன்னு சொன்னேன். இப்ப யாருக்குமே தொட முடியல. நானே வாயால கேட்டு வாங்கிக்கிட்டது." இதை உனக்கு எழுதவேண்டாம் என்றுதான் இருந்தேன். இன்று எழுதக் காரணம் இருக்கிறது.

காலையில் அவரைப் பூங்காவில் பெரிய மரத்தடி பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு ரொட்டியும் காய்கறியும் வாங்கப் போவேன். போன மாதம் ஒருநாள் திரும்பி வந்தால், நாலைந்து பேர் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உதிர்ந்த இலைகளை யாரோ அழகாக அடுக்கியிருந்தார்கள். ஓர் உடுப்பின் முன்பாகம், பின்பாகம், இரண்டு கைகள், விரிந்த பாவாடை. நடக்க வரும் டீச்சர், பாவம், எல்லா இலையையும் கவிழ்த்து வைத்துவிட்டார்களே என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. துணியைக் கவிழ்த்துப் போட்டு உள்பக்கத்தில்தானே கோடு போடுவார்கள்? இத்தனை வருஷம் தையல்காரரோடு குப்பை கொட்டியிருக்கிறேன், எனக்குத் தெரியாதா? உன் அப்பா கைத்தடியைப் பிடித்துக்கொண்டு, ஒன்றும் அறியாதவர்போல ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

யாருக்கு என்று நான் கேட்கவில்லை. அந்த இலை உடுப்பில் இடது தோள் அரை விரல் தாழ்ந்திருந்தது. ஊஞ்சலிலிருந்து விழுந்து தோள் எலும்பை முறித்துக்கொண்டவள் நம் வீட்டில் ஒருத்திதானே.

பிறகு அதுவே தினப்படி வேலையாகிவிட்டது. காற்று கலைத்துவிடும், மறுநாள் மறுபடி அடுக்குவார். எல்லாம் இடது கையால்தான். ஐஸ் வண்டிக்காரர் சிவப்பு விதைகளைப் பொத்தானாக வைத்தார். டீச்சர் கழுத்தைச் சுற்றிப் பூவிதழ் வைத்தார். கூட்டுகிற அம்மா, மேலதிகாரி திட்டினாலும், அந்த இடத்தை விட்டுவிட்டுச் சுற்றிக் கூட்டுகிறாள். அவள் பிள்ளைகுட்டிகளோடு நன்றாக இருக்கவேண்டும்.

செவ்வாய்க்கிழமை நான் கடையிலிருந்து திரும்பும்போது, ஓட வருகிறவர் ஒருவர் நல்ல மனதோடு இலைகளையெல்லாம் பளபளப்பு மேலே தெரியத் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார். உன் அப்பாவுக்கு மூக்குக்கு மேல் கோபம். இடது கையில் கைத்தடி. வலது கை மடியிலிருந்து இறங்கிப்போய் ஓர் இலையைப் புரட்டியது. அப்புறம் இன்னொன்று. மூன்றாவது இலையில்தான் அது எந்தக் கை என்று அவருக்கே உறைத்தது. நான் பையைக் கீழே போட்டுவிட்டேன். ஓடுகிறவர் மன்னிப்புக் கேட்டார், நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னேன். கிறுக்கச்சி என்று நினைத்திருப்பார். நினைக்கட்டும்.

நேற்று அவரே மெஷின்மேல் கிடந்த துணியை எடுத்தார். கத்திரி பிடிக்க இன்னும் நாளாகும். அவர் கோடு போடுவாராம், நான் வெட்டவேண்டுமாம். உன் பழைய அளவு இப்போது சரிவராது என்றார். எழுதிக் கேட்கிறேன் என்றேன்.

"கடுதாசியில வர்ற அளவ நம்பி எவன் துணிய வெட்டுவான்? ஆள் வந்து நிக்கணும்" என்றார்.

அதற்குமேல் கேட்க அவருக்கு வராது என்று உனக்கே தெரியும். சற்று நேரம் கழித்து, மாப்பிள்ளைக்கு எந்த மாதிரி காலர் பிடிக்கும் என்றும் கேட்டார்.

இருவரும் நூறு வயசு நல்லபடியாக வாழுங்கள். கண்ணே, தயவுசெய்து அளவை மட்டும் எழுதி அனுப்பிவிடாதே.

அன்புடன்,
அம்மா