ஒன்பது மணிப் பாடம் என்னுடையது

என்னங்க,

சாப்பாடு அடுப்பு மேல் இருக்கிறது. குழாய் ரிப்பேர்காரர் எட்டு மணிக்கு வருவார். அவருக்கு இந்த ஊர் பாஷை மட்டும்தான் தெரியும், நம் இங்கிலீஷ் எடுபடாது, கையைக் காலை ஆட்டிச் சமாளியுங்கள்.

நான் பள்ளிக்கூடம் போகிறேன். "உங்க உச்சரிப்பு வெள்ளைக்காரங்க மாதிரி இல்ல, இனிமே ஆபீஸ்ல உக்காருங்க" என்று முதல்வர் நேற்று சொன்னாரே, அங்கே அவரே உட்காரட்டும். கடல் தாண்டி நம் இருவரையும் கூப்பிட்டது இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கத்தான். பெரியவர்கள் வகுப்பில் என்னிடம் படிக்கும் பஸ் டிரைவர் நேற்று சாயங்காலமே போன் செய்தார்: "டீச்சர், நீங்க பேசினாத்தான் எங்களுக்குப் புரியுது. நாளைக்கு எல்லாரும் வர்றோம்."

வகுப்பறையைப் பூட்டியிருந்தால் மாடிப்படியில் உட்கார்ந்து நடத்துவேன்.

பி.கு. முதல்வர் சொன்னதற்கு நீங்கள் தலையாட்டினீர்கள். அந்தக் கோபம் அப்படியேதான் இருக்கிறது.

இன்னொன்று. உங்கள் வகுப்பு பதினொன்றுக்குத்தான். ஒன்பதுக்கே வாருங்கள். வந்து என் பக்கம் நில்லுங்கள்.