வாயில் வராத கேள்வி

மார்ச் 4, புதன்

மறுபடியும் அதே குறிப்பு வந்திருக்கிறது. "கேள்வியை நேராகக் கேட்கவில்லை. திரும்பப் பதிவு செய்து அனுப்பவும்."

ஆபரேஷன் வார்டில் இத்தனை வருஷமாகக் குப்பை கொட்டுகிறேன். ரத்தத்தைப் பார்த்து ஒரு நாளும் என் கை நடுங்கியதில்லை. ஒரு கேள்வி கேட்க வாய் வரமாட்டேன் என்கிறது. வெட்கக்கேடு.

மனநல நர்சிங் மேற்படிப்பு, ஆன்லைனில். ட்யூட்டி முடிந்து வந்து, ஸ்டோர் ரூமில் துணி தேய்க்கிற மேசைமேல் லேப்டாப்பை வைத்துக்கொண்டு படிக்கிறேன். இந்தப் பருவத்துக்கு வீட்டுப் பாடம் இதுதான்: யாரையாவது நோயாளியாக நடிக்க வைத்துப் பேசி, வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும். பேச்சின் நடுவே "செத்துப் போயிடலாம்னு தோணுதா?" என்று பட்டென்று கேட்க வேண்டும். நான் கேட்டது, "தப்பா எதுவும் தோணலையே?"

பாடம் எடுக்கிற மேடம் வகுப்பில் எல்லார் முன்னாலும் சொன்னார்: "நீங்க கேக்கலம்மா. இல்லைன்னு சொல்லிடு, சொல்லிடுன்னு கெஞ்சுறீங்க."

முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. கேமராவை அணைத்துவிட்டேன்.

மார்ச் 6, வெள்ளி

என் வகுப்பில் ஒருத்தர் இருக்கிறார். மைக்கை அணைக்கவே மாட்டார். அவர் வீட்டுக் குழாய் சொட்டுவது எங்கள் எல்லாருக்கும் கேட்கும். நாங்கள் வைத்த பெயர் 'மைக்'. அவர் இன்று எழுதியிருந்தார்: "எனக்கும் அந்தக் கேள்வி வரல சிஸ்டர். குக்கர்கிட்ட கேட்டுப் பழகுறேன். ரெண்டு தடவை விசில் அடிச்சிடுச்சு."

நான் மட்டும் இல்லை என்று கொஞ்சம் நிம்மதி.

மார்ச் 10, செவ்வாய்

நானும் சத்தமாகச் சொல்லிப் பழக ஆரம்பித்துவிட்டேன். ஸ்டோர் ரூம் கதவைச் சாத்திக்கொண்டு, சுவரைப் பார்த்து: "செத்துப் போயிடலாம்னு தோணுதா?" முதலில் குரலே எழும்பவில்லை. அப்புறம் ஏதோ அறிவிப்பு மாதிரி வந்தது. வருத்தமாகக் கேட்டால் ஒப்பாரி. சாதாரணமாகக் கேட்டால் காய்கறி விலை விசாரிக்கிற மாதிரி இருக்கிறது. எந்தக் குரலில்தான் கேட்பது?

இந்த வீட்டில் இதைப் பழகுவதே பெரிய பாடு. என் மாமியார் முன்னால் அந்த வார்த்தையே எடுக்கக் கூடாது. பல்லி செத்துக் கிடந்தால் கூட "பல்லி ஒண்ணு போயிடுச்சு" என்பார். டிவியில் யாராவது செத்தால் சேனலை மாற்றிவிடுவார்.

மார்ச் 13, வெள்ளி

அத்தைக்கு என்ன ஆச்சு? ரெண்டு நாளாகத் தேன் ஒழுகப் பேசுகிறார். நான் கேட்காமலே டீ வருகிறது. அதுவும் இரண்டாவது டம்ளர்! பாத்ரூமில் கொஞ்ச நேரம் அதிகமானால் கதவைத் தட்டி "அம்மாடி, உள்ளதான இருக்க?" என்கிறார். வேறு எங்கே இருப்பேன்? ஓட்டைப் பிரித்துக்கொண்டு போவேனா?

மார்ச் 15, ஞாயிறு

குட்டு உடைந்தது.

என் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர், வாரத்தில் பாதி நாள் ரோட்டில்தான். இன்று பாதி வழியில் லோடை இன்னொருத்தரிடம் ஒப்படைத்துவிட்டு வந்து நிற்கிறார். முகம் பேயறைந்த மாதிரி. "என்னடி ஆச்சு உனக்கு? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" பின்னால் அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்கிறார். கதவுக்கு வெளியே நின்று நான் சுவரிடம் கேட்டதையெல்லாம் கேட்டிருக்கிறார். மருமகள் தன்னைத்தானே கேட்டுக்கொள்கிறாள் என்று நினைத்துவிட்டார்!

பாடம் என்று விளக்கிச் சொன்னேன். என் வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். என் கொழுந்தன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அண்ணி, அம்மா உங்களுக்காக ராத்திரியெல்லாம் ஹால்ல காவல் இருந்தாங்க. வீட்டுல இருந்த கயிறையெல்லாம் என்கிட்டதான் கொடுத்து ஒளிச்சு வைக்கச் சொன்னாங்க!"

அத்தைக்குக் கோபம் தாங்கவில்லை. "இது என்ன படிப்பு? வீட்டுக்குள்ள பேசுற பேச்சா இது?" இரண்டாவது டம்ளர் டீ நின்றுவிட்டது.

மார்ச் 18, புதன்

வகுப்பில் மேடம் சொன்னது: கேட்பதால் யாருக்கும் புதிதாக அந்த நினைப்பு வந்துவிடாது. ஏற்கெனவே இருக்கிறவர்களுக்கு மூச்சு விட இடம் கிடைக்கும். அப்புறம் கவனிக்க வேண்டிய அடையாளங்கள்: தூக்கம் கெடுவது, ஆசையாக வைத்திருந்த பொருளைத் தானமாகக் கொடுப்பது, ரொம்ப நாள் வாடி இருந்தவர் திடீரென்று தெளிவாவது. நல்ல பிள்ளையாக எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் வீடியோ அனுப்பியாக வேண்டும். இதுதான் கடைசி வாய்ப்பு. இதுவும் போனால் இந்தப் பேப்பர் அடுத்த பருவத்துக்கு. மனநலப் பிரிவுக்கு நான் கேட்டிருக்கும் மாற்றலும் அதோடு போச்சு.

நோயாளியாக நடிக்கக் கொழுந்தன் ஒத்துக்கொண்டார். ஃப்ரிட்ஜ், ஏசி ரிப்பேர் பார்க்கிறவர். கல்யாணம் முறிந்த பிறகு எங்களோடு வந்து நடு அறையில் இருக்கிறார். இப்போதெல்லாம் சிரிக்க வைக்காமல் ஒரு வேளை சாப்பிட மாட்டார். "அழுகையெல்லாம் வராது அண்ணி, கண்ணுல வெங்காயம் தடவிக்கவா?" என்கிறார்.

மார்ச் 22, ஞாயிறு

நடந்ததை அப்படியே எழுதி வைக்கிறேன். எழுதினால்தான் மனசு அடங்கும்.

மத்தியானம் மூன்று மணிக்கு உட்கார்ந்தோம். லேப்டாப் ஒரு பக்கம் சாய்ந்தது. மேசைக்கால் ஆடுகிறது. "தம்பி, ஒரு ஸ்க்ரூ டிரைவர் எடுங்க" என்றேன்.

"இல்லையே அண்ணி. டூல் பெட்டியை எதிர் வீட்டு டிரைவருக்குக் கொடுத்துட்டேன்."

"இரவலா?"

"இல்ல, சும்மாதான். அவர்கிட்டயே இருக்கட்டும்."

அந்தப் பெட்டியை யாராவது தொட்டாலே சத்தம் போடுவார். சொந்த அண்ணனுக்கே ஸ்பேனர் தர மாட்டார். நான் ஒரு அட்டையை மடித்து மேசைக்காலுக்கு அடியில் வைத்தேன். ரெகார்டை அழுத்தினேன். அவர் நடிக்க ஆரம்பித்தார் — கடை வைத்து நொடித்துப்போன ஆள், தூக்கம் இல்லை, பசி இல்லை. நடுநடுவே ஜோக். நான் குறிப்பைப் பார்த்துப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஆனால் மனசு டூல் பெட்டியிலேயே நின்றது. தூக்கம். கொஞ்ச நாளாக விடிவதற்கு முன்பே அவர் அறையில் ஃபேன் ஓடுவது நிற்கிறது. போன மாதம் முழுக்க வாய் திறக்காதவர் இந்த மாதம் இவ்வளவு சிரிக்கிறார். அந்தக் கயிறு. அத்தை கயிற்றையெல்லாம் இவரிடம்தானே கொடுத்தார்! அட கடவுளே.

குறிப்பைக் கவிழ்த்து வைத்தேன். கேட்டேன். "தம்பி, செத்துப் போயிடலாம்னு தோணுதா?"

குரல் எப்படி வந்தது என்று எனக்கே தெரியவில்லை. பழகின எந்தக் குரலும் இல்லை.

அவர் சிரிக்க வாயெடுத்தார். சிரிப்பு வரவில்லை. மேசைக்காலையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் மெதுவாக —

"இது பாடத்துக்குக் கேக்குறீங்களா அண்ணி, எனக்குக் கேக்குறீங்களா?"

லேப்டாப்பை மூடினேன். "உங்களுக்குத்தான்."

"ஆமா" என்றார்.

அப்புறம் ரொம்ப நேரம் அவர்தான் பேசினார். வாழ்க்கையில் முதல் தடவையாக வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எப்படி, எப்போது என்று யோசித்து வைத்திருக்கிறாரா என்றும் கேட்டேன். சொன்னார். அது இங்கே வேண்டாம். "இன்னிக்கு உங்களத் தனியா விடமாட்டேன். உங்க அண்ணன்கிட்ட சொல்லணும். நாளைக்குக் காலைல டாக்டரப் பாக்குறோம். சரியா?" என்று கேட்டேன். "சரி அண்ணி" என்றார், குழந்தை மாதிரி. என் வீட்டுக்காரருக்கு ஃபோன் செய்தேன், வந்துகொண்டிருக்கிறார். எடுக்க வேண்டியதையெல்லாம் அறையிலிருந்து எடுத்துப் பூட்டிவிட்டேன்.

நாலைந்து நாள் இந்த வீடே காவல் இருந்தது. தப்பான ஆளுக்கு.

மார்ச் 23, திங்கள்

கொழுந்தனை எங்கள் ஆஸ்பத்திரி மனநலப் பிரிவில் சேர்த்திருக்கிறோம். சில நாள் இருக்கட்டும் என்றார் டாக்டர்.

மேடத்திடமிருந்து மெயில்: "வீடியோ வரவில்லை. ஏன்?" அந்த வீடியோவை அப்போதே அழித்துவிட்டேன். அது கொழுந்தனுடையது, மார்க் வாங்குவதற்கு இல்லை. "அனுப்ப முடியாது மேடம். ஆனா கேட்டுட்டேன்" என்று மட்டும் எழுதினேன்.

மார்ச் 24, செவ்வாய்

அத்தை என்னைச் சும்மா விடவில்லை. "நல்லா இருந்த பிள்ளை. நீதான் ராவும் பகலும் அந்தப் பேச்சைப் பேசிப் பேசி அவன் காதுல போட்டே. உன் படிப்பு அவனுக்குச் சொல்லிக் கொடுத்துடுச்சு!"

பாத்திரத்தைக் கழுவுற சாக்குல அழுதுட்டு வந்தேன். நான்தான் காரணமா? இல்லைன்னு தெரியும். படிச்சிருக்கேன். ஆனா அந்த அம்மா அப்படிக் கேக்கும்போது படிச்சதெல்லாம் எங்கயோ ஓடிப் போயிடுது.

மார்ச் 26, வியாழன்

மேடத்தின் பதில் வந்தது. "வீடியோ இல்லாமல் மதிப்பெண் போட எனக்கு வழியில்லை. அடுத்த பருவத்தில் திரும்ப எழுதுங்கள். நீங்கள் கேட்ட அன்றைக்கு என்ன நடந்திருந்தாலும், நன்றாகச் செய்தீர்கள்."

ஃபெயில்தான். மாற்றலும் போச்சு. இந்த ஃபெயிலுக்கு ஏனோ அழுகை வரவில்லை.

ஏப்ரல் 5, ஞாயிறு

கொழுந்தன் வீட்டுக்கு வந்துவிட்டார். இளைத்திருக்கிறார். மருந்தில் வாய் உலர்கிறதாம். ஜோக் எதுவும் அடிக்கவில்லை, அது எனக்கு நல்லதாகவே பட்டது.

அத்தை மறுபடி ஆரம்பித்தார், "உங்க அண்ணி அந்தப் பேச்செடுக்கலைன்னா —"

கொழுந்தன் குறுக்கே பேசினார். "அம்மா, அண்ணி கேக்குறதுக்கு முன்னாடியே இருந்துச்சு. ரொம்ப நாளா. வீட்டுல யாரும் கேக்கல. கேட்ட அன்னிக்கு ராத்திரிதான் நான் தூங்கினேன்."

அத்தை எழுந்து உள்ளே போய்விட்டார். சாயங்காலம் எனக்கு டீ வந்தது. ஒரு டம்ளர்தான்.

ஜூலை 11, சனி

பேப்பர் பாஸ். இந்தத் தடவை நோயாளியாக நடித்தவர் 'மைக்'. வீடியோ முழுக்கக் குழாய் சொட்டுகிறது.

ஆகஸ்ட் 9, ஞாயிறு

பாஸானதில் மாற்றல் கிடைத்துவிட்டது, நாளையிலிருந்து மனநலப் பிரிவில் ட்யூட்டி. சீருடை தேய்க்க ஸ்டோர் ரூமுக்குப் போனேன். மேசை ஆடவில்லை. அட்டை போய், நல்ல ஸ்க்ரூ போட்டிருக்கிறது. எதிர் வீட்டு டிரைவரிடமிருந்து கொழுந்தன் டூல் பெட்டியைத் திரும்ப வாங்கிவிட்டாராம்.

சமையலறையில் அத்தை வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். கொழுந்தன் பக்கத்தில் உட்கார்ந்து குக்கர் கைப்பிடியை முடுக்கிக்கொண்டிருந்தார். நான் வாசற்படியிலேயே நின்றுவிட்டேன். ஏனென்றால் அத்தை தலை நிமிராமல், கை நிற்காமல், சாதாரணமாகக் கேட்டார்:

"ஏன்டா, ராத்திரி செத்துப் போகணும்னு தோணுச்சா?"

"நேத்து இல்லம்மா. செவ்வாய்க்கிழமை கொஞ்சம் வந்துச்சு. டாக்டர்கிட்ட சொல்லிட்டேன்."

"சரி" என்றார் அத்தை. "டீ ஆறுது, குடி."