ஆலையில் இல்லாத ஒன்பது நாள்

அன்பு மகள் பிரையனிக்கு,

நீயும் பேத்தி ஐலாவும் உனக்குத் துணையாக வந்திருக்கும் அம்மாவும் அபர்டீன் குளிரில் நலமாக இருக்க வேண்டும். நான் நலம், இருக்க வேண்டியதைவிட அதிகமாகவே நலம், அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். சுற்றி வளைக்க எனக்கு வராது. பராமரிப்புக்காக ஆலையை நிறுத்தியிருக்கிறார்கள், எலக்ட்ரீஷியன் யாருக்கும் லீவு இல்லை என்று உங்கள் இருவரிடமும் சொன்னேனே, அது பொய். பத்து வருஷ வேலைக்குக் கிடைக்கிற நீண்ட லீவு, முழுசாக இரண்டு மாதம், எனக்குப் போன மாதமே கையெழுத்தாகிவிட்டது. அது கிடைத்ததும் முதல் விமானத்தில் பேத்தியைப் பார்க்க வருவேன் என்று பீற்றிக்கொண்டவனும் நான்தான். கிடைத்ததும் நண்பன் டார்சியோடு அவனுடைய கடலோரக் குடிலுக்குப் போய் ஒன்பது நாள் படுத்துக் கிடந்தேன். ஹோபார்ட்டில் நம் வீட்டிலிருந்து அரை மணி நேரம்கூட இல்லை.

காலையில் படகில் போய் மீன் பிடிப்போம், வறுத்துத் தின்போம், பீர் குடிப்போம், தூங்குவோம். ஐந்தாம் நாள் மீன் கழுவிக்கொண்டிருந்தபோது உன் செய்தி வந்தது, காதடைப்பான் போட்டுக்கொள், இரண்டு ஷிஃப்ட் சேர்த்துப் பார்க்காதே என்று. டார்சி தோளுக்கு மேலாக எட்டிப் படித்துவிட்டு, "பொண்ணு பாவம்டா, நீ உலைக்குப் பக்கத்துல நிக்கிறன்னு நெனச்சிட்டிருக்கா" என்றான். போனைப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த மீனை எடுத்தேன். அவன் விடவில்லை. "ஒளியறவன் கண்காணாத ஊருக்கு ஓடுவான். நீ செவ்வாக்கிழமையானா வீட்டுக்குப் போய்க் குப்பைத் தொட்டிய வெளிய வச்சிட்டு வர்ற. உனக்கு ஒளியக்கூடத் தெரியலடா ஷேன்" என்றான். அவன் சொன்னது சரி. அதற்குப் பிறகும் நாலு நாள் அங்கேதான் இருந்தேன். அதுதான் உறுத்துகிறது. அந்த நாட்கள் நன்றாக இல்லை என்று எழுதினால் இன்னொரு பொய். நன்றாகத்தான் இருந்தன.

ஏன் வரவில்லை என்று கேட்பாய். உன் இடது புருவத்தில் ஒரு தழும்பு இருக்கிறதே, தவழும்போது விழுந்தாய் என்று சொல்லி வளர்த்தோம். அம்மாவும் அப்படித்தான் நம்புகிறாள். நீ தவழவில்லை. உனக்கு ஏழு மாதம், எனக்கு இருபது வயது, அம்மா துணி காயப்போடப் போயிருந்தாள், என் கையிலிருந்து நழுவி மேசை முனையில் இடித்துக்கொண்டாய். அவள் ஓடி வருவதற்குள் உன்னைத் தரையில் விட்டுவிட்டு, தானாக விழுந்தாள் என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு நீ நடக்கும்வரை வேலை, அழுக்குக் கை என்று ஏதாவது சாக்குச் சொல்லி உன்னைத் தூக்கவே இல்லை. ஐலாவின் படத்தை நீ அனுப்பியபோது முகத்தைப் பார்க்குமுன் புருவத்தைத்தான் பார்த்தேன்.

டிக்கெட் போட்டுவிட்டேன், பத்தொன்பதாம் தேதி மாலை வந்து இறங்குகிறேன். இதையெல்லாம் அம்மாவிடம் இன்று நானே போனில் சொல்லிவிடுவேன். உன் கோபத்தை நேரில் காட்டு, போனில் வேண்டாம். குழந்தையின் அறையில் ஹீட்டரை எக்ஸ்டென்ஷன் ஒயரில் செருகாதே, சுவரிலேயே செருகு. மூவரும் நூறு வயது நோய்நொடி இல்லாமல் இருங்கள். இன்னொன்று, வந்ததும் வாசலிலேயே வைத்துக் குழந்தையை என் கையில் கொடுத்துவிடாதே. முதலில் உட்காருகிறேன். பக்கத்தில் நீயும் உட்கார்.

உன் அப்பா,
ஷேன்