வாலில் இரண்டு முள்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே மூன்று பேரும் உயிரோடு இருக்கிறோம், அதை முதலில் சொல்லிவிடுகிறேன், மீதியைப் படிக்கும்போது நீ பயந்துவிடக் கூடாது. நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொண்டு இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பத்து நாளாக நீ போனில் அப்பாவைக் கேட்கும்போதெல்லாம் தூங்குகிறார் என்று மழுப்பினேன். அவர் ஆஸ்பத்திரியில் இருந்தார். வாயால் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

எல்லாம் அந்த மணல் மூட்டையில் ஆரம்பித்தது. படகின் அடியில் அப்பா பன்னிரண்டு மூட்டை அடிபாரமாக வைத்து, அசையாமல் கயிறு போட்டுக் கட்டியிருப்பார், அது நடுவில் இருந்தால்தான் சாய்ந்த படகு நிமிரும். உன் அண்ணன் பெரிய ஐஸ் பெட்டி வாங்கி வந்து, அதற்கு இடம் வேண்டுமென்று ஐந்து மூட்டையைக் கரையில் இறக்கிவிட்டான். மற்ற ஏழு மூட்டையையும் கட்டாமல் அப்படியே போட்டுவிட்டான். கடலுக்குள் போன பிறகுதான் அப்பா பார்த்திருக்கிறார். "மண்ணைச் சுமந்துக்கிட்டு அலையணுமாப்பா" என்றானாம். அப்பா அவன் பிடரியில் ஒன்று வைத்தார், அவன் அவரைப் பிடித்துத் தள்ளினான். அப்பாவும் பிள்ளையும் கடலில் வைத்துச் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள், உனக்கு எப்படிச் சொல்வது.

மதியம் காற்று ஏறியபோது வலையில் கனமாக ஒரு திருக்கை மீன் ஏறியது, கதவு அகலம். வால் வலைக்குள் சுருண்டு கிடந்ததால் முள் இல்லாத ரகம் என்று உன் அண்ணன் நினைத்துவிட்டான். அப்பா "வாலைப் பாருடா" என்று கத்திக்கொண்டே இருந்திருக்கிறார். இவன் கேட்காமல் படகு விளிம்பின் மேல் இழுத்துப் போட்டான். படகு அந்தப் பக்கம் சாய்ந்தது, கட்டாத மூட்டை ஏழும் சரசரவென்று அதே பக்கம் சறுக்கின, கடல் உள்ளே வந்தது. அப்பா கால் தவறித் திருக்கையின் மேலேயே விழுந்தார். அது வாலைச் சுழற்றி முள்ளை அவர் தொடையில் இறக்கிவிட்டது. உன் அண்ணன் கத்தியால் வாலை வெட்டிப் படகுக்குள்ளேயே ஓரமாக எறிந்து, மூட்டைகளைத் தூக்கிக் கடலில் போட்டு, வாளியால் தண்ணீரை இறைத்து, எப்படியோ கரை சேர்த்தான்.

அப்பாவை வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள், என்னை ஏற்ற இடமில்லை. திரும்பிப் பார்த்தால் உன் அண்ணன் கோடாலியை எடுத்து, செத்த திருக்கையைக் கண்மண் தெரியாமல் வெட்டிக்கொண்டிருந்தான். அதன் வயிற்றிலிருந்து நான்கு குட்டி மணலில் விழுந்தன. அதையும் பார்க்காமல் வெட்டினான், முகமெல்லாம் ரத்தம். கரையில் இறங்குகிற திருக்கையை இனம் பார்த்து அளந்து மீன்வள ஆபீசுக்கு எழுதிக் கொடுப்பதுதானே என் பிழைப்பு, அந்த உடம்பின் நிறத்தையும் முதுகில் ஓடிய முள்வரிசையையும் பார்த்ததும் எனக்கு ரகம் தெரிந்துவிட்டது. இந்த ரகத்துக்குச் சில சமயம் வாலில் இரண்டு முள் இருக்கும். வால் எங்கே என்று கேட்டேன். அவன் காதிலேயே வாங்கவில்லை. கோடாலியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, என் பலம் முழுவதையும் சேர்த்துக் கன்னத்தில் அறைந்தேன். "வாலை எங்கடா போட்ட, சொல்லு" என்று இன்னொரு அறை. அவன் படகைக் காட்டினான்.

வால் இன்ஜின் அடியில் கிடந்தது. இரண்டு முள்ளும் அடியோடு ஒடிந்திருந்தன. சாக்கில் சுற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். டாக்டர் ஒரு முள்ளை எடுத்துத் தையல் போட்டு முடித்திருந்தார். உள்ளே விடமாட்டேன் என்ற நர்ஸின் மேஜையில் வாலைப் போட்டு, "இன்னொண்ணு உள்ள இருக்கும்மா" என்றேன். டாக்டர் வந்து ஒடிந்த இரண்டு இடத்தையும் தொட்டுப் பார்த்தார். உடனே தையலைப் பிரித்தார். மரப்பு ஊசி ஏறுவதற்குள் அப்பா அலறிய அலறல் தெருவரைக்கும் கேட்டிருக்கும். அவர் தோளை நான்தான் அழுத்திப் பிடித்தேன், என் முன்கையைக் கடித்தார், தழும்பு இன்னும் இருக்கிறது. ரம்பம் மாதிரி பல் வைத்த துண்டு, விரல் நீளம், பெரிய ரத்தக்குழாயை ஒட்டிக் கிடந்தது. அப்படியே விட்டிருந்தால் அப்பா அன்று இரவைத் தாண்டியிருக்க மாட்டார் என்றார் டாக்டர்.

நேற்று வீட்டுக்கு வந்துவிட்டார். கால் கொஞ்சம் இழுக்கிறது. உன் அண்ணன் அதுவரை வீட்டுப் பக்கம் வராமல் படகிலேயே கிடந்தான், நேற்றுதான் வாசலில் வந்து நின்றான். அப்பா ஊன்றுகோலை வீசினார், நெற்றியில் பட்டுத் தோல் கிழிந்தது. அவன் நகரவில்லை. பிறகு அப்பா, "எத்தனை மூட்டை கட்டின" என்று கேட்டார். "பதினாலு, மேல பலகையும் அடிச்சிட்டேன்" என்றான். "ரெண்டை எறக்கு, படகு அமுங்கிடும்" என்று சொல்லிவிட்டு இவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவனுக்கு நான் சோறு போட்டேன்.

உன்னிடம் மட்டும் ஒன்று சொல்கிறேன், அப்பாவுக்கும் தெரியாது. நான் அறைந்ததில் உன் அண்ணனுக்கு இடது காது ஜவ்வு கிழிந்துவிட்டது. டாக்டரிடம் துடுப்பு பட்டது என்று சொல்லியிருக்கிறான். என்னிடமும் அதையேதான் சொல்கிறான், என் முகத்தைப் பார்த்தே சொல்கிறான்.

நீங்கள் இருவரும் ஒரு குறையும் வராமல் நீண்ட காலம் சேர்ந்து வாழ வேண்டும், என் கண்ணே. வருகிற ஞாயிறு அவனுக்குப் போன் பண்ணு. பதில் சொல்லத் தாமதித்தால் கோபம் என்று நினைத்துவிடாதே, போனை வலது காதுக்கு மாற்றிக்கொண்டிருப்பான். கொஞ்சம் பொறுத்திரு.

உன் நினைவாகவே இருக்கும்
அம்மா